டீச்சர் வரைந்த இடைவெளிகள்

எங்கள் பனியன் கம்பெனியில் நீங்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள். தையல் பிரிவில், மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி ஒரு மெஷின் போடும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. மற்ற இடங்களில் முழங்கை இடிக்க மெஷின் போட்டிருக்கும்போது அங்கே மட்டும் ஏன் வெறும் தரை என்று கேட்டால், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். முன்பு இங்கே ஓர் அம்மா இருந்தாராம். அவர் யாரை வரைந்தாலும் அந்த ஆள் போய்விடுவாராம். கடைசியாக, அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணை வரைந்தாராம்.

போன ஆயுத பூஜைக்கு, வேலையை விட்டு ஓய்ந்துபோன எங்களையும் அழைத்திருந்தார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. அந்த வெறும் தரையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பீகாரிலிருந்து வந்த ஓர் ஆபரேட்டர் என் கையைத் தொட்டு, "சார், அங்கே நிக்காதே. மேடம் வரைஞ்சா ஆளு காலி" என்றார். அவர் அந்த மேடத்தைப் பார்த்ததே இல்லை. அவர் திருப்பூருக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே அந்த அம்மா வேலையை விட்டுப் போய்விட்டார். கதை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து, மொழியும் தாண்டியிருந்தது.

அந்தக் கதை பொய். அதைக் கட்டியவர்கள் தையல் பிரிவுப் பெண்கள் என்று நினைக்கிறீர்கள். கட்டியது அவர்களாக இருக்கலாம். அதற்கு அப்ரூவல் கொடுத்தவன் நான்.

ஆர்டருக்கு முன்னால் மாதிரி உடுப்புத் தைக்கும் சாம்பிள் பிரிவுக்கு வெகுகாலம் தலைவனாக இருந்தேன். வடக்கே ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். அந்தக் கல்லூரியில் முதல் ஆண்டில் எங்களுக்குக் கோட்டோவியம் கற்றுக்கொடுத்தவர் அதிகம் பேசமாட்டார். ஒரு பழைய மர நாற்காலியை மேஜைமேல் தலைகீழாகத் தூக்கி வைத்து, "நாற்காலியை வரையாதீர்கள். கால்களுக்கு நடுவே இருக்கிற காற்றை வரையுங்கள்" என்றார். பருவம் முழுக்க அதே நாற்காலி. நாற்காலி எப்படி இருக்கும் என்று மனதுக்குத் தெரியும், அதனால் கை பொய் சொல்லும் என்பார். இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் அதைப் பார்த்துத்தான் வரைய முடியும், வேறு வழியில்லை. வெற்றிடங்களைச் சரியாக வரைந்து முடித்தால் கடைசியில் நாற்காலி தானாக வந்து உட்கார்ந்திருக்கும். முதல்முறை அது நடந்தபோது எனக்குச் சற்றுப் பயமாகக்கூட இருந்தது. நல்ல மதிப்பெண் வாங்கினேன். பிறகு மறந்துவிட்டேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

எனக்குச் சில வருஷம் பின்னால் அதே வகுப்பில், அதே நாற்காலியின் முன் உட்கார்ந்தவர்தான் அந்த அம்மா. திருநெல்வேலிப் பக்கம். படிப்பு முடிந்து எங்கெங்கோ சிறு வேலைகள் பார்த்துக்கொண்டிருந்தவரை, எங்கள் சாம்பிள் பிரிவில் உடுப்புக்கான காகிதப் பேட்டர்ன் வெட்ட நான்தான் அழைத்துவந்தேன். கையில் எப்போதும் பென்சில் இருந்ததால் தையல் பிரிவுப் பெண்கள் அவருக்கு 'டிராயிங் டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் டீச்சர் என்றே நின்றுவிட்டது. நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

அவர் வந்த புதிதில் ஒரு டி-சர்ட் சாம்பிளை, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் திரும்பத் திரும்ப நிராகரித்துக்கொண்டிருந்தார். போட்டால் சரியாக உட்காரவில்லை என்பதுதான் புகார். நாங்கள் டேப் வைத்து அளந்தோம். எல்லா அளவும் சரி. டீச்சர் டேப்பைத் தொடவில்லை. சட்டை போட்ட பொம்மையின் முன் நின்று, கைக்கும் உடம்புக்கும் நடுவே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

"அளவு சரிதான், அண்ணே. ஆனா இந்தப் பக்கத்துக் காத்தும் அந்தப் பக்கத்துக் காத்தும் வேற வேறயா இருக்குல்லா" என்றார்.

துவைத்த பிறகு துணி மெல்ல முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தத் துணியை மாற்றினோம், சாம்பிள் தேறியது. நான் சிரித்துக்கொண்டே, இன்னுமா அந்த நாற்காலி என்று கேட்டேன். "நான் அத விட்டு எந்திரிக்கவே இல்ல, அண்ணே" என்றார். அவர் சிரிக்கவில்லை.

கட்டிங் மேஜையில் துணியை அடுக்கி, முன்பக்கம், பின்பக்கம், கை என்று வெட்டி எடுத்த பிறகு ஓட்டை ஓட்டையாக ஒரு மிச்சத் துணி கிடக்கும் அல்லவா, அதில் வெள்ளையாக இருப்பதை டீச்சர் கேட்டு வாங்கிக்கொள்வார். தான் வரைந்த இடைவெளிகளை அந்தத் துணியில் வெட்டி, ராயபுரத்தில் தான் குடியிருந்த வீட்டுச் சுவரில் குண்டூசியால் தொங்கவிடுவார். காகிதத்தில் வெட்டினால் என்ன என்றேன். காகிதம் காற்றில் அசையாது என்றார். அதுதான் அவருடைய கலை. கோவையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் ஒரே ஒரு தடவை கண்காட்சி வைத்தார். வந்தவர்கள், இது கைக்குட்டையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதனால் அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

சாப்பாட்டு நேரத்திலும், தன் வேலை முடிந்த பின்னும் தையல் பிரிவின் ஓரத்தில் நின்று வரைவார். ஆளை வரையமாட்டார். ஆளுக்கும் மெஷினுக்கும் நடுவே, முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருப்பதை வரைவார். ஆரம்பத்தில் பெண்களுக்கு அது வேடிக்கை.

"என்னைய வரையோணும்னா அகலமான பேப்பரா கொண்டாங்க, டீச்சர்."

"அவளுக்கு நடுவுல காத்தே கெடையாதுங்க. வெறும் ஆளு மட்டுந்தான்."

பிறகு வேடிக்கை குறைந்தது. டீச்சர் யாருடைய பக்கத்தில் நின்று வரைந்தாரோ அவர்கள் கொஞ்ச நாளில் காணாமல் போனார்கள். ஒருத்தி கர்ப்பமாகி ஊருக்குப் போனாள். ஒருத்திக்கு மஞ்சள் காமாலை. ஒருத்தி யாரிடமும் சொல்லாமல் கணவனை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டாள். திருப்பூரில் ஆள் நிற்காமல் போவது தினசரிக் கதை. ஆனால் இதில் ஓர் ஒழுங்கு இருப்பதுபோல் தெரிந்தது, இருக்கவும் செய்தது. டீச்சர் எல்லா இடைவெளியையும் வரையவில்லை, மாறிப்போன இடைவெளிகளை மட்டும் வரைந்தார். வயிறு தெரிவதற்கு முன்பே ஒருத்தி மெஷினைவிட்டு விரற்கடை பின்னால் உட்காருவாள். போக முடிவு செய்துவிட்டவள் தன் பையைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். பயிற்சி பெற்ற கண்ணுக்கு அது தெரியும். எனக்கும் அதே பயிற்சி என்பதால் இதெல்லாம் எனக்குப் புரிந்திருந்தது. நான் யாருக்கும் விளக்கவில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

கொஞ்ச காலத்தில், டீச்சர் நடந்துவந்தால் வரிசை முழுக்கப் பெண்கள் கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கால்களைச் சேர்த்துக்கொள்வார்கள், தலையை இறக்கி மெஷினோடு ஒண்டிக்கொள்வார்கள். தங்களுக்குள் எந்த இடைவெளியும் இல்லாமல் பண்ணிக்கொண்டார்கள். அவர் கடந்து போனதும் ஒவ்வொருத்தியாக விரிவார்கள். சாம்பிள் பிரிவின் கண்ணாடி வழியே அதைப் பார்க்கும்போது, அந்த அறையே ஒருமுறை மூச்சை அடக்கி விடுவதுபோல இருக்கும். சூப்பர்வைசர் என்னிடம் வந்து, "ஏனுங்க சார், அந்தம்மாகிட்ட சொல்லி வெய்ங்க. புள்ளைக பயப்படுதுங்க" என்றார். நான் டீச்சரிடம் சொன்னேன். "நான் நின்னாதான பயம். உக்காந்து வரையுதேன்" என்றார்.

பயப்படாத ஒரே பெண் ஜெபா. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருந்தாள். தூணோரத்து ஓவர்லாக் மெஷின் அவளுடையது. டீச்சரின் பேச்சு தன் ஊர்ப் பேச்சு மாதிரி இருப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். "என்னைய வரைங்க டீச்சர். நான் எங்கயும் போக மாட்டேன்" என்பாள். டி-சர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைத்துத் தைப்பதில் அவளைப்போல வேகமானவர் அந்த வரிசையில் இல்லை.

ஒரு நாள் பிற்பகல், டீச்சர் என் மேஜைக்கு வந்து மூன்று வெள்ளைத் துணிகளை வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரே வடிவம். முதலாவது புங்க இலை அகலம், இரண்டாவது அதைவிட ஒடுக்கம், மூன்றாவது ஏறக்குறைய ஒரு கீற்று.

"இது போன வாரம். இது முந்தாநாள். இது இப்போ, ஜெபா கைக்கும் விலாவுக்கும் நடுவுல. மத்த பிள்ளைக நான் தாண்டிப் போனதும் ஒட்டுன கைய எடுத்துருவாங்க. இவ எடுக்க மாட்டேங்கா, அண்ணே. மூச்சு இழுத்தா தோளு மட்டும் ஏறுது. கேட்டா சளிங்கா. இன்னைக்கே டாக்டர்ட்ட அனுப்புங்க."

நான் கண்ணாடி வழியே பார்த்தேன். இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அன்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். எனக்குத் தெரிந்தது. அந்தக் கீற்று அந்தப் பெண்ணின் இடது பக்கத்தில் இருந்தது. அவள் வலியை இறுகப் பிடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்தால் கழுத்துப் பட்டி நிற்கும், அது நின்றால் வரிசை நிற்கும், சரக்கு அந்த வாரம் தூத்துக்குடிக்கு ஏற வேண்டும்.

"சளியாகத்தான் இருக்கும். சரக்கு ஏறட்டும்" என்றேன்.

"நீங்களும் அந்த நாற்காலிய வரைஞ்சவங்கதான?"

"அது காலேஜ். இது கம்பெனி."

அவர் துணிகளை எடுத்துக்கொண்டு போனார். போய் ஜெபாவிடமே சொல்லியிருக்கிறார், விடுதி வார்டனிடம் சொல்லியிருக்கிறார். சார் அனுமதி கொடுத்தாரா என்று வார்டன் கேட்டிருக்கிறார். ஜெபாவோ, லீவு போட்டால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக விடமாட்டார்கள் என்று மறுத்திருக்கிறாள்.

சரக்கு ஏறியது. மறுநாள் காலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு ஜெபா மெஷின்மேல் சாய்ந்தாள். கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சுக்குள் நீர் கோத்துச் சீழ் பிடித்திருந்தது. முன்பே வந்திருந்தால் ஊசி வைத்து உறிஞ்சி எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் திரும்பி வரவில்லை.

அவளுடைய அப்பா சாத்தூரிலிருந்து வந்தார். பிண அறைக்கு வெளியே என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "எங்ககிட்டயே அவ சொல்லல. ஒங்களுக்கு எப்பிடிய்யா தெரியும்" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் டீச்சர் வேலைக்கு வந்தார். அவர் தையல் பிரிவு வாசலில் நுழைந்ததும் அருகிலிருந்த மெஷின் நின்றது. பிறகு அதற்கடுத்தது. அவர் நடக்க நடக்க, வரிசை வரிசையாக மெஷின்கள் ஓய்ந்துகொண்டே வந்தன. பகல் வேளையில் ஒரு பனியன் கம்பெனி அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. மின்விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் இருந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. எல்லாரும் கைகளைக் கட்டிக்கொண்டு, தங்களைத் தாங்களே இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், குன்னத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். அவர் மேஜைக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கதவோரம் நின்றார். சூப்பர்வைசர், "அந்தம்மா உள்ள இருந்தா ஒருத்தியும் மெஷினைத் தொட மாட்டேங்கறாங்க" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. ரெண்டு பேரும் ஒரே காலேஜுங்கறீங்க. இவங்க வரையறதுக்கும் அந்தப் புள்ளை போனதுக்கும் ஏதாச்சும் இருக்குதுங்களா? நீங்க இல்லைன்னு சொல்லுங்க. நானே வெளிய போய்ப் பேசிக்கறேன்."

சொல்வதற்கு என்னிடம் இருந்தது. இவர் வரைந்ததால் அந்தப் பெண் சாகவில்லை, சாகப்போவதை இவர் பார்த்தார், பார்த்து வந்து என்னிடம் சொன்னார். இந்த மூன்றில் கடைசியைச் சொல்லாமல் முதல் இரண்டைச் சொல்ல முடியாது. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குச் சொல்லத் தெரியலீங்க" என்றேன்.

அந்தப் பேச்சை நம்புகிறேன் என்று நான் சொல்லவில்லை. நம்பவில்லை என்று சொல்லாமல் இருந்தேன். அவ்வளவு போதுமாக இருந்தது. முதலாளி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்குது" என்று டீச்சரைப் பார்த்துச் சொன்னார்.

டீச்சர் என்னை மாட்டிவிடவில்லை. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவர் என் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கும் முதலாளியின் மேஜைக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அன்றே போய்விட்டார்.

மெஷினைத் தூணோரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் பதவி உயர்வு பெற்று, மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் அடிக்கடி சொன்னது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்பது. அது நல்ல அறிவுரைதான். நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

எலுமிச்சம்பழத்தைப் பார்த்த மறுவாரம் ராயபுரத்துக்குப் போனேன். அதே வீடு, மாடி. நல்ல மத்தியானம். கதவைத் திறந்தவர் தலை முழுக்க நரைத்திருந்தார்.

"வாங்க அண்ணே. செருப்பு உள்ளயே கிடக்கட்டும், வெளிய நாய் தூக்கிரும்."

உள்ளே நுழைந்தவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நான்கு சுவர்களிலும், அறையின் குறுக்கே கட்டிய கம்பிகளிலும் வெள்ளைத் துணிகள். இலை மாதிரி, பிறை மாதிரி, பெயர் சொல்ல முடியாத வடிவங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் ஓர் இடைவெளி. துணிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் துணிகள் மறைந்து, நடுவில் ஆட்கள் தெரிந்தார்கள். குனிந்த முதுகுகள், மடக்கிய முழங்கைகள். மின்விசிறிக் காற்றில் துணி அசைந்தபோது அத்தனை முதுகுகளும் மூச்சுவிட்டன. அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். ஆனால் யாரையும் இடிக்காமல் போக வேண்டும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தேன்.

"எல்லாரும் அப்படித்தான் நடக்காங்க" என்றார். "கேஸ் சிலிண்டர் போட வார ஆளு வாசல்லயே வச்சுட்டு ஓடிருதான். நான்தான் உருட்டிட்டு வாரேன்."

வேலையை விட்ட பிறகு வீடுகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிழைத்திருக்கிறார். காய்கறிக் கடையில், டவுன் பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் வரைந்திருக்கிறார். ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. கோணங்களைச் சரிபார்க்கப் பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடுவது, கல்லூரியில் கற்றுக்கொடுத்த அதே மாதிரி.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அன்று நீங்கள் துணிகளைக் கொண்டுவந்தபோது, கண்ணாடி வழியே நானும் பார்த்தேன், எனக்கும் தெரிந்தது, தெரிந்தே அனுப்பாமல் இருந்தேன், முதலாளி முன்னால் பேசாமல் இருந்தேன். கம்பெனியில் எல்லாரிடமும் இதைச் சொல்லப்போகிறேன், எழுதியும் கொடுக்கப்போகிறேன் என்றேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பாத்தத வரைங்க."

"என் கை எப்பவோ விட்டுப்போச்சு."

"வரைங்க அண்ணே. நீங்க பாத்தீங்களான்னு எனக்கு இத்தனை வருஷமா தெரியாது. அதான் அன்னைக்கு முதலாளி ரூம்ல ஒண்ணும் சொல்லல. நெசமாவே கண்ணு மங்கிப்போன மனுசன எப்பிடிக் குத்தம் சொல்ல?"

பென்சிலை எடுத்தேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை பொய் சொல்லியிருக்கும். முழங்கையின் உள்பக்கம், விலாவின் வளைவு, கீழே இரண்டும் சேரும் முனை. கோடு நடுங்கியது, ஆனால் எங்கும் நிற்கவில்லை. முடித்து அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்துபோய், சன்னலோரத்து வரிசையிலிருந்து நான்கு துணிகளைக் கழற்றிக் கொண்டுவந்து என் காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். மூன்று, அன்று என் மேஜையில் வைத்தவை. நான்காவது, ஜெபா நன்றாக இருந்தபோது விளையாட்டாக வெட்டியது. அது நல்ல அகலம், கீழ்முனை ஊசியாக இருந்தது.

"கீற்றைத்தான் வரைவீங்கன்னு நெனச்சேன்" என்றார். "இது கீற்று இல்ல, அண்ணே."

நானும் பார்த்தேன். நான் வரைந்தது, ஜெபாவின் நோய் நாட்களில் அவர் வெட்டிய முதல் துணியைவிட அகலமாக இருந்தது. ஆனால் அது நல்ல நாளின் இடைவெளியும் இல்லை. கீழ்முனை மழுங்கியிருந்தது. முழங்கை அப்போதுதான் விலாவை நோக்கி ஒதுங்க ஆரம்பித்திருந்தது. அவர் கவனிப்பதற்கு முன்பான ஏதோ ஒரு நாள், அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரு பெயர் கொடுக்காமல், எனக்கே சொல்லிக்கொள்ளாமல், அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம் வேறு, இது வேறு.

"எனக்கு முன்னாடியே பாத்துட்டீங்க" என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. அளவு சரிபார்க்கும்போது பேசுகிற குரல்.

ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, என் கோட்டின் மேல் விரித்து, அதன் நடுக்கத்தையும் விடாமல் வெட்டினார். பிறகு சன்னலோரத்து வரிசைக்குப் போனார். நல்ல நாளின் துணியை அதன் இடத்தில் மாட்டினார். அதற்கு அடுத்து என் துணிக்கு இடம் வேண்டியிருந்தது. மற்ற துணிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓர் இடம் தள்ளித் தள்ளிக் குத்தினார். வரிசை நீளமானது, நேரம் பிடித்தது. நான் பக்கத்தில் நின்று, அவர் கேட்கும்போதெல்லாம் ஒரு குண்டூசி கொடுத்துக்கொண்டிருந்தேன்.